ரப்பர் போட்டு அழித்த பென்சில் குறி: கிளேர் ஃபிஷர் இசைத்தட்டுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு புறநகரில், பழைய இசைத்தட்டு வாங்கி விற்கும் கடையில் வாரத்தில் மூன்று நாள் வேலை பார்த்தபோது நடந்தது இது. கடைப் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் ஒளித்து எழுத எதுவும் இல்லை. பழைய தட்டு, பழைய புத்தகம், யாரோ ஒருவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த பெட்டி என்று கையாளுகிற எவருக்காவது உதவும்.

பின்னணி

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். அப்பா இறந்து சில மாதம் ஆகிறது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். அப்பா ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ராக்களில் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவராம். மொத்தம் 71 எல்பி. முதலாளி மேலோட்டமாகப் புரட்டிவிட்டு ஒரு மொத்த விலை சொன்னார், அவரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

எங்களுக்கு அந்தப் பெட்டி ஒரு கதம்பமாகத்தான் தெரிந்தது. ஜாஸ் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி இருந்தார், தி ஹை-லோஸ் என்ற நால்வர் பாட்டுக்குழு இருந்தது, வைப்ராபோன்காரர் கால் ஜேடர் ஏழெட்டு, சாக்கா கான் பாடிய ரூஃபஸ் என்ற சோல் இசைக்குழு, கடைசியில் பாப் பாடகர் பிரின்ஸ். ஒரு வயோலாக்காரருக்கு ரசனை விசாலம்தான் போல, என்று சிரித்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தோம்.

எங்கள் கடையில் வகைப்படி ரேக், வகைக்குள் தலைமைக் கலைஞரின் பெயர்ப்படி அகரவரிசை. எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஜாஸ் ரேக்குக்கு 29, லத்தீனுக்கு 13, சோல் பக்கம் 17, ராக்-பாப்புக்கு 9. கீறல் அதிகமான மூன்றைத் தள்ளிவிட்டோம். இரண்டு பெட்டி, ஒரே சாயங்காலத்தில் கடையின் நான்கு மூலைக்குப் போய்விட்டது.

முதலில் கண்ணில் பட்டது, ஆனால் உறைக்காதது

பல உறைகளின் பின்பக்கம், கீழே வலது மூலையில், பென்சிலால் பொடி எழுத்தில் ‘சி.எஃப்.’ என்று இருந்தது. சிலவற்றில் அதைச் சுற்றி ஒரு வட்டம். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், அவ்வளவுதான். கூட வேலை செய்த பையன் இதைப் பார்த்துவிட்டு, உறையில் எழுத்து இருந்தால் தரம் ஒரு படி இறங்கும், வி.ஜி. பிளஸ் (‘வெரி குட்’டுக்கு ஒரு படி மேல்) போட வேண்டியதை வெறும் வி.ஜி. என்று போட வேண்டிவரும் என்று சரியாகவே சொன்னான். அப்புறம் ஒரு வெள்ளை ரப்பரை எடுத்து, மிகவும் பக்குவமாக, உறையின் பளபளப்புப் போகாமல் அழிக்க ஆரம்பித்தான். இருபதுக்கு மேல் அழித்திருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் அவன் நிறுத்திக் கேட்டான். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் பாட்டுகளை கில்லெஸ்பி எடுத்து வாசித்த ஆல்பம் அது, வெர்வ் கம்பெனி 1960-இல் போட்டது. “சி.எஃப்.னா யாருங்க, இதுல அப்படி ஒரு பேரே காணோமே?” நான் பின்னட்டையை முழுக்கப் படித்தேன். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் எங்கேயும் இல்லை. பழைய சொந்தக்காரராக இருக்கும், அழித்துவிடு என்றேன். இந்த ஆய்வில் என் பங்குக்கான தப்பு அதுதான். பின்னால் யோசித்துப் பார்த்தால், 71 தட்டில் பென்சில் குறி மிகவும் தேவைப்பட்ட தட்டுகளில் ஒன்று அது. அச்சில் பெயர் விட்டுப்போனதால்தானே அந்த மனிதர் கையால் எழுதி வைத்திருக்கிறார்!

பத்தாம் நாள்

ஒன்பது நாளில் 14 தட்டு விற்றுவிட்டது. எட்டு கடையிலேயே ரொக்கத்துக்கு, ஆறு ஆன்லைனில்.

பத்தாம் நாள் ஒரு பெண்மணி வந்தார், பியானோ டீச்சர். கிளேர் ஃபிஷர் என்ன இருக்கிறது என்று கேட்டார். பையன் உடனே, “யாருங்க அந்தம்மா, பாடகியா?” என்றான். கிளேர் என்பதைப் பெண் பெயராக எடுத்துக்கொள்வது சகஜம்தான். அவர் ஆண். 1928 அக்டோபர் 22-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் டூரண்டில் பிறந்தவர், பியானோக்காரர், அதைவிட முக்கியமாக அரேஞ்சர். மெட்டை ஒருவர் போட்டிருப்பார், இன்னொருவர் பாடியிருப்பார். எந்த இடத்தில் வயலின் நுழைய வேண்டும், கிளாரினெட் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும், பித்தளை வாத்தியங்கள் எப்போது வாயை மூட வேண்டும் என்று தாளில் எழுதுகிறவர் அரேஞ்சர். உறையின் முன்பக்கம் அவர் முகம் பெரும்பாலும் வராது.

எங்களிடம் ஜாஸ் ரேக்கில் ‘ஃபி’ வரிசையில் நான்கு தட்டு இருந்தது. 1963-இன் ‘எக்ஸ்டென்ஷன்’, 1965-இன் ‘மன்டேக்கா!’, இன்னும் இரண்டு. அந்த நான்கையும் எடுத்துக்கொண்டவர், போகிற வழியில் சோல் ரேக்கை மேய்ந்தார், ரூஃபஸ் ஒன்றை உருவிப் பின்பக்கம் திருப்பினார். பையனின் ரப்பருக்குத் தப்பியது அது. கையிலிருந்த ‘மன்டேக்கா!’வின் மூலையையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே எழுத்து. “இதெல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்ததா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லத்தீன் ரேக் பக்கம் நடந்தார்.

அரை மணி நேரத்தில் கவுண்டரில் இருபத்துச் சொச்சம் தட்டு குவிந்துவிட்டது. நாங்கள் கதம்பம் என்று நினைத்தது கதம்பமே இல்லை. ஒரே அரேஞ்சரின் கை பட்டதையெல்லாம், அவர் பெயர் அட்டையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு மனிதர் பல வருஷம் தேடிச் சேர்த்த தொகுப்பு. அதைத்தான் ஒரு சாயங்காலத்தில் நாலாபக்கமும் கலைத்துப் போட்டிருக்கிறோம்.

அந்தத் தொகுப்பில் ஓடிய நூல்

கடையில் அன்றைக்கு எவருக்குமே இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த மனிதரை ஏன் ரேக்கில் பிடிக்கவே முடியாது என்பதும் இதில்தான் இருக்கிறது.

ஃபிஷர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இசைக் கோட்பாடும் இயற்றலும் படித்தவர், நடுவில் ராணுவத்துக்குப் போய் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் பேண்டுக்கு அரேஞ்ச் செய்தவர். லத்தீன் இசை மோகத்தில் ஸ்பானிஷும் படித்துக்கொண்டார். ஐம்பதுகளின் பிற்பாதியில் தி ஹை-லோஸுக்குப் பியானோக்காரராகவும் அரேஞ்சராகவும் ஆனார். அந்த நால்வர் குரல் அடுக்குகளைக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் தன் ஹார்மனி அறிவு வளர்ந்தது என்று ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக் பல இடத்தில் சொல்லியிருக்கிறார்.

1957-இல் டிரம்பெட்காரர் டொனால்ட் பைர்டுக்காக, தந்தி வாத்தியங்களும் ஹார்ப்பும் வைத்து ஒரு ஆல்பம் எழுதினார். அது வெளிவந்தது 25 வருஷம் கழித்து, 1982-இல், ‘செப்டம்பர் ஆஃப்டர்நூன்’ என்ற பெயரில். உறையில் 1982 என்று பார்த்த நாங்கள் அதை எண்பதுகளின் தட்டு என்று எண்ணி ஜாஸ் ரேக்கில் செருகிவிட்டோம். ஆனால் கதையில் அது முதல் கண்ணி. வெளிவராத அந்தப் பதிவை பைர்ட் கில்லெஸ்பிக்குப் போட்டுக் காட்டினார், கில்லெஸ்பி அதைக் கேட்டுவிட்டுத்தான் எலிங்டன் ஆல்பத்துக்கு ஃபிஷரைக் கூப்பிட்டார். அந்த ஆல்பத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது, அரேஞ்சர் பெயரை மட்டும் கம்பெனி உறையில் போடாமல் விட்டது. நான் அழிக்கச் சொன்ன குறி இருந்த தட்டு.

அடுத்து பிரேசில். 1962-இல் சாக்ஸபோன்காரர் பட் ஷாங்கோடு ஒரு போஸா நோவா (பிரேசிலின் மென்மையான இசை வகை) ஆல்பம், அதே வருஷம் கால் ஜேடருக்காக மெக்சிகோ, பிரேசில் பாட்டுகளை வைத்து இன்னொன்று. போஸா நோவா அமெரிக்காவில் பெரிய அலையாகக் கிளம்பிக்கொண்டிருந்த வருஷம் அது. இவருடைய ‘பென்சாட்டிவா’ என்ற மெட்டு அந்தக் காலத்துச் சரக்குதான், இன்றைக்கு ஜாஸ் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கிறார்கள். பின்னால் எழுபதுகளில் மறுபடி ஜேடரோடு வாசித்தார், அப்புறம் சல்சா பிகான்டே என்று சொந்தக் குழு. ‘குவாஹிரா பா லா ஹேவா’வுக்கு லத்தீன் பிரிவில் கிராமி வாங்கினார்.

சோல் பக்கம் வந்தது சொந்தக்காரர் வழியில். ரூஃபஸ் குழுவின் டிரம்மர் ஆண்ட்ரே ஃபிஷர் இவருக்கு அண்ணன் தம்பி பிள்ளை. எழுபதுகளின் நடுவில் அந்தக் குழுவின் பாட்டுகளுக்குச் சித்தப்பா முறைக்காரர் வயலின் வரிசை எழுதப் போக, அதைக் கேட்ட மற்ற சோல் பாடகர்களும் தேடி வந்தார்கள். அந்த வழியில்தான் 1985 வாக்கில் பிரின்ஸ். 1986-இல் வந்த ‘பரேட்’ ஆல்பத்தில் கேட்கும் ஆர்கெஸ்ட்ரா இவருடையது. பிரின்ஸ் டேப் அனுப்புவார், இவர் எழுதிப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். இத்தனை வருஷம் சேர்ந்து வேலை செய்தும் இருவரும் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை.

பியானோ டீச்சர் கடை பிளேயரிலேயே இரண்டு தட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். ரூஃபஸ் பாட்டில் டிரம்ஸும் பாஸும் இறுக்கமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சாக்கா கான் மூச்சு விடுகிற இடைவெளியில் வயலின்கள் உள்ளே வரும், வந்து அதே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தில்) உட்கார்ந்துவிடாது, நடுக்குரல்களில் ஒன்று அரைச் சுரம் இறங்கும், இன்னொன்று ஏறும், பாடகி அடுத்த வரியை எடுக்கும்போது தரை லேசாகச் சாய்ந்த மாதிரி இருக்கும். அடுத்து ‘எக்ஸ்டென்ஷன்’ போட்டார். அங்கே வயலின் இல்லை, ஊது வாத்தியங்கள்தான், ஆனால் நடுவில் அதே நகர்வு. “மேலே கேட்காதீங்க, கீழேயும் கேட்காதீங்க, நடுவுல என்ன நகருதுன்னு கேளுங்க” என்றார். இத்தனை வருஷம் தட்டு விற்றும் எனக்கு யாரும் அப்படிக் கேட்கச் சொல்லித் தந்ததில்லை.

எடுத்த முடிவுகள்

அன்று மாலை முதலாளியோடு வாக்குவாதம். கலைத்தது கலைத்ததுதான், தனித்தனியாக விற்றாலே காசு அதிகம் என்பது அவர் கட்சி. கணக்கில் அவர் சொன்னது சரிதான். பையன் என் பக்கம் நின்றான், குற்ற உணர்ச்சி காரணமாக இருக்கலாம். கடைசியில் இரண்டு வாரம் அவகாசம் தந்தார்.

முதலில் மிச்சமிருந்த 54 தட்டையும் ரேக்கிலிருந்து எடுத்துப் பின்னறை மேஜையில் போட்டோம். ரப்பரை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டியது பையனே.

அடுத்து விற்றுப்போன 14. ரொக்கத்துக்குப் போன எட்டும் போனதுதான், வாங்கியவர் யாரென்று தெரியாது. ஆன்லைனில் வாங்கிய ஆறு பேருக்கு எழுதினோம். திருப்பித் தாருங்கள் என்று கேட்கலாமா என்று முதலில் யோசித்தோம், அது நியாயமில்லை, அவர்கள் காசு கொடுத்து வாங்கியது. அதனால் பின்பக்கத்தை ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னோம். ஐந்து பேர் அனுப்பினார்கள். ஒருவர் பதிலே போடவில்லை.

மூன்றாவது, அந்த மகனுக்குப் போன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. “அப்பா ஒரு சின்ன டப்பா நிறைய கார்டு எழுதி வச்சிருந்தார், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒண்ணு” என்றார். எங்கே என்று கேட்டோம். வீடு காலி செய்தபோது பழைய காகிதங்களோடு போய்விட்டது. “நீங்க கேட்கவே இல்லையே” என்றார், கோபமாகச் சொல்லவில்லை. வட்டத்துக்கு மட்டும் அவருக்கு ஒரு அர்த்தம் ஞாபகம் இருந்தது. வட்டம் போட்டிருந்தால் பாட்டு ஃபிஷருடையது, அரேஞ்ச்மென்ட் வேறு ஆள். வட்டம் இல்லாவிட்டால் அரேஞ்ச்மென்டே அவருடையது.

அழித்த குறிகளை மீட்டது தற்செயல். விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது பையன் போன் டார்ச்சை மேஜை மட்டத்தில் பிடித்திருந்தான், உறையின் மூலையில் எழுத்தின் பள்ளம் நிழலாக விழுந்தது. பென்சில் கரி போயிருந்தாலும் அழுத்தம் போகவில்லை. பளபளப்பு உறைகளில் நன்றாகத் தெரிந்தது, சொரசொரப்பான அட்டையில் ஒன்றும் பிடிபடவில்லை. இப்படிப் பதினொன்றைப் படித்தோம், கில்லெஸ்பி தட்டும் அதில் ஒன்று.

நடுவில் செய்த இரண்டு தப்பு

சரிசெய்கிற உற்சாகத்தில் எதிர்ப்பக்கமாகவும் சறுக்கினோம்.

ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் ‘ஃப்ரீ ஃபார் ஆல்’, 1964 பதிவு. அதில் ‘பென்சாட்டிவா’ இருக்கிறது, குறியும் தெரிந்தது, சரி என்று அரேஞ்ச்மென்ட் அடுக்கில் வைத்துவிட்டேன். பள்ளத்தை மறுபடி சாய்த்துப் பார்த்தபோதுதான் மெல்லிசாக வட்டம். மெட்டு ஃபிஷருடையது, பிளேக்கியின் குழுவுக்காக அதை அரேஞ்ச் செய்தவர் அதில் டிரம்பெட் வாசித்த ஃப்ரெடி ஹப்பர்ட். வட்டம் என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆமாம், அடுத்தவர் உழைப்பு அது.

இன்னொன்று ஒரு சோல் தட்டு, குறி இல்லை. நடுக்குரல் நகருகிறது, வயலின் பேசுகிறது, ‘இது அவரேதான்’ என்று மூவரும் தலையாட்டினோம். டீச்சர்கூட முக்கால்வாசி ஒத்துக்கொண்டார். உள்ளுறையை வெளியே இழுத்துப் பார்த்தால் வேறு அரேஞ்சர் பெயர் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. காது நல்ல துணை, ஆனால் காதை மட்டும் நம்பி அட்டையில் பெயர் எழுதக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினோம்.

அதிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் எங்கிருந்து தெரிந்தது என்பதையும் எழுதினோம். உறையிலோ உள்ளுறையிலோ அச்சில் பெயர் இருந்தவை 31. அச்சில் இல்லாமல், பின்னால் வந்த மறுவெளியீட்டிலோ வேறு நம்பகமான பதிவிலோ உறுதியானவை 6. மெட்டு மட்டும் அவருடையவை 5. சம்பந்தமே இல்லாதவை 9. வயோலாக்காரர் வேறு இசையும் கேட்டிருப்பாரே. முடிவுக்கு வராதவை 3.

பிறகு நடந்தது

42 தட்டை ஒரே தொகுப்பாக விற்றோம். வாங்கியது அந்த டீச்சர்தான், மூன்று தவணையில். தனித்தனியாக விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவு, முதலாளி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். பிரின்ஸ் தட்டு ஒன்றே தனியாக நல்ல விலைக்குப் போயிருக்கும். தட்டுகளோடு நாங்கள் எழுதிய பட்டியல், வாங்கியவர்கள் அனுப்பிய ஐந்து போட்டோ, மகன் போனில் சொன்னதன் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். பட்டியலில் ஒரு நகல் மகனுக்கும் போனது. அதைப் படித்துவிட்டு ஒரு வரி அனுப்பியிருந்தார், அப்பாவும் ஃபிஷருடைய ரெக்கார்டிங் சிலவற்றில் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும், ஆனால் எதில் என்று தெரியாது என்று. வயோலா வாசித்தவர்கள் பெயரை உறையில் போடுவது அந்நாட்களில் அபூர்வம்.

ரொக்கத்துக்குப் போன எட்டில் ஒன்று தி ஹை-லோஸ் தட்டு என்று பில்லைப் பார்த்துத் தெரிந்தது. மற்ற ஏழுக்கும் பில்லில் ‘ஜாஸ் எல்பி’, ‘சோல் எல்பி’ என்றுதான் இருக்கிறது.

இப்போது மாறியிருப்பது

பெட்டி கொண்டுவருகிறவரிடம் இரண்டு கேள்வி கட்டாயம்: இதை யார் சேர்த்தார், ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா. விலை பேசுவதற்கு முன்பே கேட்கிறோம், பேசி முடித்தபின் கேட்டால் ஆட்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

பெட்டியில் தட்டு எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே முதுகுப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துவிட்டுத்தான் பிரிக்கிறோம். இந்த 71-உம் என்ன வரிசையில் வந்தது என்று எங்களில் எவருக்குமே ஞாபகம் இல்லை, அதிலும் ஏதோ சேதி இருந்திருக்கலாம். உறையில் கையெழுத்து எது இருந்தாலும் அழிப்பதில்லை, தரத்தை ஒரு படி குறைத்துப் போட்டுவிடுகிறோம். முதலாளிக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

ரேக்கை அரேஞ்சர்படி மாற்றலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன், அது நடக்காது. ரூஃபஸ் தேடி வருகிறவர் ‘ர’வில்தான் தேடுவார். அதற்குப் பதில் ரேக்குகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வைத்து, ‘இவர் எழுதியது சோல் பக்கமும் இருக்கிறது, லத்தீன் பக்கமும் பாருங்கள்’ என்று எழுதி வைத்தோம். ஃபிஷருக்கு முதல் அட்டை. ஆலிவர் நெல்சனுக்கு ஒன்று, சீகோ ஓஃபாரிலுக்கு ஒன்று. பையன்தான் எழுதுகிறான், பென்சிலால்.

முடிவுக்கு வராத மூன்றும் இன்னும் பின்னறையில் இருக்கின்றன. மூன்றுமே சொரசொரப்பான அட்டை. இரண்டில் டார்ச்சைச் சாய்த்தால் ஏதோ பள்ளம் தெரிகிறது, ஆனால் வட்டம் உண்டா இல்லையா என்று மட்டும் இதுவரை பிடிபடவில்லை.